தைப் பிள்ளையும் மார்கழிப் பிள்ளையும்



பதிவு கொஞ்சம் நீளம். விளையாடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பழைய மாணவர்கள், கழகத்துத் தம்பிமார், சக ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு பிள்ளை எந்த மாதத்தில் பிறந்தது என்பது, அது நல்ல விளையாட்டு வீரனாக வருமா வராதா என்பதைத் தீர்மானிக்குமா? சாதகம் பார்க்கிற கதை இல்லை இது. கணக்குப் போட்டு, ஆய்வு செய்து, புத்தகத்தில் ஏறிய வரலாறு. அந்த வரலாறு தொடங்கியது நம் ஊருக்கு வெகு தூரத்தில், பனிக்கட்டித் தளத்தில். ஆனால் அது பேசுவது ஜெயபுரத்துப் பிள்ளைகளைப் பற்றியும்தான்.

■ பனித்தளத்தில் ஆள் தேடிய கதை

கனடாவில் இருக்கிற நம் உறவுகளின் பிள்ளைகளில் சிலர் இப்போது ஐஸ் ஹொக்கி பழகுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். காலில் கத்தி பூட்டிய சப்பாத்து. பந்துக்குப் பதிலாகத் தட்டையான கறுப்பு இறப்பர் வில்லை. நமக்கு உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் எப்படியோ, அப்படி அவர்களுக்கு அது.

அந்த விளையாட்டில் நல்ல பையன்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். 1963க்கு முன்னர், பெரிய கழகங்கள் ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களைப் பிடித்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கித் தங்களோடு கட்டிப்போட்டுவிடும். பொபி ஓர் என்ற பெயரை ஹொக்கி பார்ப்பவர்கள் மறக்கமாட்டார்கள். 1961இல் பொஸ்டன் கழகத்தின் ஆட்கள் ஒன்ராறியோவில் ஒரு சிறுவர் போட்டிக்குப் போனது வேறு இரண்டு பையன்களைப் பார்க்க. அங்கே மற்றவர்களைவிடச் சின்ன உருவமாக இருந்த ஒருவன்தான் கண்ணில் பட்டான். மறு வருடம், 14 வயதில், அவன் கையெழுத்திட்டான். 1,000 டொலரும், வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலையும் அந்தப் பேரத்தில் அடங்கும். பெற்றோரின் வறுமையும் பிள்ளையின் திறமையும் ஒரே மேசையில் பேரம் பேசப்படுவது புதிய விஷயமே இல்லை.

1963இல் அந்த முறை மாறத் தொடங்கியது. தேசிய ஹொக்கி லீக் மொன்றியலில் முதலாவது வீரர் தெரிவை நடத்தியது. கழகங்கள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்தன. முதல் வருடம் எடுக்கப்பட்டவர்கள் 21 பேர்தான். இன்று ஒவ்வொரு வருடமும் இருநூறுக்கு மேல். தெரிவு முடிந்த கையோடு, கோடையில், ஒவ்வொரு கழகமும் தன் இளம் பிள்ளைகளை அழைத்து வளர்ச்சி முகாம் ஒன்று நடத்துகிறது. யாரும் எடுக்காத சில பையன்களையும் அந்த முகாமுக்குக் கூப்பிடுவார்கள். பனியில் ஓட்டம், திருப்பம், கையாளுகை. வெளியே உடற்பயிற்சி, சாப்பாடு, நித்திரை பற்றிய வகுப்பு. பயிற்றுநர்கள் கரையில் நின்று குறிப்பு எடுப்பார்கள். அன்றைக்கு யார் கெட்டிக்காரன் என்று எழுதுவது சுலபம். நாலு வருடம் கழித்து யார் கெட்டிக்காரனாக இருப்பான் என்பதுதான் அவர்கள் எழுத வேண்டியது. அங்கேதான் பெரிய பெரிய நிபுணர்களும் சறுக்குகிறார்கள்.

■ போட்டி நிகழ்ச்சிநிரலில் ஒரு பெண் கண்டது

1980களின் தொடக்கம். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜ் என்ற நகரம். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் பேராசிரியர் குடும்பத்தோடு இளையோர் ஹொக்கிப் போட்டி பார்க்கப் போனார். அவருடைய மனைவி போலா, கையில் கிடைத்த நிகழ்ச்சிநிரலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் வீரர்களின் பெயர், உயரம், நிறை, பிறந்த திகதி எல்லாம் இருந்தன. திகதிகளை வாசித்துக்கொண்டு போனவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தை, மாசி, பங்குனி. திரும்பவும் தை, மாசி. அநேகம் பேர் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள்.

வீட்டுக்குப் போனதும் ரோஜர் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1985இல் இருவரும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். கனடாவின் மேல்மட்ட இளையோர் ஹொக்கியில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர் தை முதல் பங்குனி வரை பிறந்தவர்கள். சித்திரை முதல் ஆனி வரை 30. ஆடி முதல் புரட்டாதி வரை 20. ஐப்பசி முதல் மார்கழி வரை வெறும் 10. பிள்ளைகள் பிறப்பது வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான். அப்படியென்றால் மார்கழிப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

காரணம் மிகச் சாதாரணமானது. கனடாவில் சிறுவர் ஹொக்கிக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரி 2இல் பிறந்தவனும் டிசம்பர் 30இல் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பதினொரு மாதம் என்பது அவனுடைய ஆயுளில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவான், கால் பலப்பட்டுவிடும், சொல்வதைக் கேட்டு நிற்கிற பக்குவமும் வந்துவிடும். பயிற்றுநர் வந்து பார்க்கிறார். பெரியவனாக, வேகமானவனாக இருப்பவனை எடுக்கிறார். அவர் வஞ்சகம் எதுவும் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எடுத்தார்.

பிறகு நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்றுநர், கூடுதல் பயிற்சி, கூடுதல் போட்டி. விடப்பட்டவனுக்கு வீட்டு முற்றம். நாலு வருடம் போனதும் முதலாமவன் உண்மையிலேயே கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான். "பார்த்தீர்களா, நான் சின்ன வயதிலேயே சொன்னேன்" என்று பயிற்றுநரும் மார்தட்டுவார். தெரிவு செய்யும்போது இல்லாத வித்தியாசத்தைத் தெரிவே உண்டாக்கிவிட்டது. ஆய்வாளர்கள் இதற்குச் சார்பு வயது விளைவு என்று பெயர் வைத்தார்கள்.

இது ஹொக்கிக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. 1997இல் உதைபந்தாட்டத்தில் சர்வதேச இளையோர் வயதுக் கணக்கை ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றினார்கள். அதுவரை பெல்ஜியத்தின் இளையோர் அணிகளில் ஆவணி, புரட்டாதிப் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். கணக்கு மாறியதும் அவர்கள் குறைந்து தைப் பிள்ளைகள் கூடினார்கள். ஆவணிப் பிள்ளைகள் ஒரே வருடத்தில் விளையாட்டை மறந்துவிட்டார்களா? இல்லை. கோட்டை நகர்த்தினார்கள், "திறமை"யும் நகர்ந்தது.

■ தாமதமாக வந்தவர்கள்

2013இல் இன்னொரு ஆய்வு வந்தது. 1980 முதல் 2006 வரை தேசிய ஹொக்கி லீக்குக்குத் தெரிவான கனடிய வீரர்களை எடுத்துப் பார்த்தார்கள். தெரிவானவர்களில் 36 வீதம் பேர் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். ஆனால் அவர்கள் விளையாடியது மொத்தப் போட்டிகளில் 28 வீதம். பெற்ற புள்ளிகள் 25 வீதம். வருடத்தின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தெரிவில் 34 வீதம். போட்டிகளில் 42 வீதம். புள்ளிகளில் 44 வீதம்.

அதாவது, எப்படியோ தப்பிப் பிழைத்து மேலே வந்த மார்கழிப் பிள்ளை, தைப் பிள்ளையைவிட அதிகம் சாதித்திருக்கிறான். தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி மோதி வளர்ந்ததால் மூளையையும் நுட்பத்தையும் நம்பப் பழகினான் என்று சிலர் விளக்குகிறார்கள். எது எப்படியோ, நிபுணர்கள் வருடா வருடம் ஒரே பக்கமாகப் பிழைவிட்டிருக்கிறார்கள் என்பது உறுதி.

சுவீடனில் ஹொக்கான் அன்டர்சன் என்று ஒருவர். மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக வேலை செய்தவர். அமெரிக்காவின் டிட்ரோயிட் கழகம் அவரை ஐரோப்பாவில் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல நியமித்தது. அவர் ரஷ்யாவுக்கு வேறொரு வீரனைப் பார்க்கப் போன இடத்தில், உருவத்தில் சிறிய, எல்லோரும் கைவிட்ட ஒரு பையனைக் கண்டார். பெயர் பாவெல் டட்சியூக். 1998இல் டிட்ரோயிட் அவனை 171ஆவது ஆளாக எடுத்தது. மறு வருடம் ஹென்றிக் செட்டர்பேர்க் என்ற சுவீடன் பையனை 210ஆவது ஆளாக எடுத்தது. இருவரும் 2008இல் டிட்ரோயிட்டுக்கு ஸ்டான்லி கிண்ணம் வென்று கொடுத்த அணியின் தூண்கள். முதல் 170 பேரில் எத்தனை பேருடைய பெயர் இன்று நினைவில் இருக்கிறது?

திகதிக் கோடு எவ்வளவு செயற்கையானது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். அலெக்சாண்டர் ஒவெச்கின் பிறந்தது 1985 செப்டெம்பர் 17. 2003ஆம் ஆண்டுத் தெரிவுக்கு எல்லை செப்டெம்பர் 15. இரண்டு நாளால் ஒரு வருடம் காத்திருந்து, 2004இல் முதலாவது ஆளாகப் போனான். 2025 ஏப்ரலில் அந்த லீக்கின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவன் ஆனான். கோடு அவனைத் தடுக்கவில்லை, ஏனென்றால் காத்திருந்த வருடத்திலும் அவனுக்குப் பயிற்சி இருந்தது. இந்தக் கடைசி வசனத்தைத்தான் நினைவில் வைக்கச் சொல்கிறேன்.

■ மதீனாவில் நடந்த குதிரைப் பந்தயம்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அறிவிப்பவர் இப்னு உமர் (ரலி). அந்தப் பந்தயத்தில் தாமும் ஓட்டியவர்களில் ஒருவர். பயிற்சி கொடுத்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட தூரம்: அல்ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யதுல் வதாஃ வரை. பயிற்சி பெறாத குதிரைகளுக்குக் குறுகிய தூரம்: அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இரண்டு வகையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடவில்லை. பயிற்சி பெற்றதைப் பெற்றதோடும், பெறாததைப் பெறாததோடும் ஓடவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த நீதி கிடைக்கிறதா என்று கேட்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

■ நம் நாட்டில்

லசித் மாலிங்க காலிக்குப் பக்கத்தில் ரத்கம என்ற ஊர்ப் பையன். மென்பந்துக் கிரிக்கெட்தான் அவருடைய பள்ளிக்கூடம். நாச்சிக்குடாப் பக்கம் பின்னேரத்தில் பையன்கள் விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. கையைப் பக்கவாட்டில் சுழற்றி எறிவது போன்ற அந்தப் பந்துவீச்சைக் கண்ட எவரும் முதலில் திருத்தத்தான் நினைத்திருப்பார்கள். முன்னாள் டெஸ்ட் வீரர் சம்பக்க ராமநாயக்க அதைக் கண்டு, காலிக் கழகத்துக்கு அழைத்துப் போய், அந்த வீச்சை அப்படியே வளரவிட்டார். 2004இல் மாலிங்க இலங்கைக்கு விளையாடினார். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்து நாலு பந்தில் நாலு விக்கெட்.

முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் தொடங்கினார். 14 வயதில், சுழற்பந்து போட்டுப் பார் என்று சொன்னவர் அவருடைய பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு சொல் 800 டெஸ்ட் விக்கெட்டில் போய் முடிந்தது. அதற்கு மறுபக்கம் சென்னையில் நடந்தது. 1987இல் அங்கே தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சி நிலையத்துக்கு, வேகப்பந்து போட ஆசைப்பட்டு ஒரு பம்பாய்ப் பையன் போனான். அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி பார்த்துவிட்டு, நீ துடுப்பாட்டத்தில் கவனம் வை என்றார். பையன் சச்சின் டெண்டுல்கர். மூன்றிலும் பயிற்றுநர் செய்த வேலை ஒன்றுதான். ஆளைத் தூக்கி எறியவில்லை, ஆளுக்குரிய இடத்தைக் காட்டினார்.

வடக்கிலிருந்தும் சொல்லலாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவில் கிடைத்த முதல் தங்கம் அது. அதே கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் ஐபிஎல்லிலும் விளையாடினார். அவர் பிறந்தது 2001 டிசம்பர் 5. ஆம், மார்கழிப் பிள்ளை. ஒரு பிள்ளை வந்துவிட்டதால் கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் கதவைத் திறந்தால் யார் வருவார் என்பதற்கு அவர் சாட்சி.

முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவையும் மறக்கக்கூடாது. 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய்ப் பதக்கங்களோடு வந்தவர். 13 வயதில் "இவன் சரிவரமாட்டான்" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் அந்த அம்மாவின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

■ நம் ஊர்க் கணக்கு

இப்போது நம் பாடசாலைகளுக்கு வருவோம்.

தரம் ஒன்றில் சேர, ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும். ஆகவே வகுப்பில் மாசியில் பிறந்த பிள்ளை மூத்தது. தையில் பிறந்த பிள்ளை கடைசி. மைதானத்தில் கணக்கு வேறு. அங்கே பிறந்த ஆண்டுதான் பார்க்கப்படும். ஒரே தைப் பிள்ளை வகுப்பில் ஆகச் சின்னது, மைதானத்தில் அந்த ஆண்டுப் பிள்ளைகளில் ஆக மூத்தது. வகுப்பில் பின்னுக்கு நிற்பவன் மைதானத்தில் முன்னுக்கு நிற்பதன் இரகசியம் சிலவேளை இவ்வளவுதான். இங்கிலாந்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஆகச் சின்னவர்களான ஆவணிப் பிள்ளைகள் பரீட்சையில் சராசரியாகப் பின்தங்குவதை அங்குள்ள ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. புலமைப்பரிசில் பெறுபேற்றை வைத்துப் பிள்ளையை ஏசுகிற பெற்றோர், ஏசுவதற்கு முன் பிறந்த மாதத்தையும் ஒருமுறை பாருங்கள்.

விளையாட்டில் இன்னும் ஒரு சிக்கல். நம் பாடசாலைப் பிரிவுகள் 12, 14, 16, 18, 20 என்று இரண்டிரண்டு வருடமாகப் போகின்றன. 14 வயதுக்குட்பட்டோர் அணியில் இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் இருபத்து மூன்று மாத வித்தியாசமும் இருக்கலாம். அதுவும் அந்த வயதில்! ஆண்பிள்ளைகள் திடீரென்று உயர்வது ஏறத்தாழ 14 வயதில். பெண்பிள்ளைகள் 12 வயதில். ஒருவன் மீசை அரும்பி நிற்பான், மற்றவன் குரல்கூட மாறாமல் நிற்பான். இருவரையும் குண்டு போடச் சொல்லி நாடா பிடித்து அளந்தால், நாம் அளப்பது திறமையை அல்ல, வளர்ச்சி எந்த மாதத்தில் தொடங்கியது என்பதை.

நம் மண்ணின் வரலாறும் இதற்குள் வருகிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்துக் கொட்டில்களில் வளர்ந்தார்கள். 2008இல் இந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் மூட்டை கட்டியது. பிறகு மெனிக் பாம். மீளக் குடியேறியபோது பாடசாலைக்குக் கூரையே இல்லை, மைதானத்துக்கு எங்கே போவது? அந்தப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வயதை மட்டும் சொல்லும். பறிபோன வருடங்களைச் சொல்லாது. நகரத்துப் பிள்ளை ஆறு வருடம் பயிற்சி பெற்று வந்த வயதுப் பிரிவில், நம் பிள்ளை ஆறு மாதப் பயிற்சியோடு நின்றான். பயிற்சி பெற்ற குதிரையும் பெறாத குதிரையும் ஒரே கோட்டில். அவன் தோற்றான். "வன்னிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வராது" என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

அந்தத் தலைமுறை இன்று தகப்பன், தாய் ஆகிவிட்டது. அவர்களின் பிள்ளைகள்தான் இன்று நம் மைதானத்தில் நிற்கிறார்கள். கூரை இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தெரிவு இன்னும் பழையபடிதான். ஒரு நாள், ஒரு காலை, ஒரு ஓட்டம், ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாத பிள்ளை அடுத்த நாள் மைதானத்துக்கு வராது. பின்னேரம் வேறெங்கோ நிற்கும். எங்கே நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஐஸ் என்றால் கனடாவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவது. நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. 13 வயதில் ஒரு பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, அது வீட்டுக்குத்தான் போகிறது என்று யார் உத்தரவாதம் தருவது?

■ காசு செலவில்லாத வழிகள்

குறை சொல்லிவிட்டுப் போவது என் நோக்கமல்ல. விடுமுறைப் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது நாமே செய்யக்கூடியவை இருக்கின்றன.

1. வயதுப்படி இலக்கம்.
2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உதைபந்தாட்டத் தெரிவாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளின் பிறந்த திகதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை, அவர்கள் பழையபடி மூத்த பிள்ளைகளையே எடுத்தார்கள். பிறகு சட்டை இலக்கத்தை வயது வரிசையில் கொடுத்தார்கள். அந்தச் சாய்வு இல்லாமல் போனது. இலக்கத்தைக் கண்டதும் கண் தானாகத் திருத்திக்கொள்கிறது. மூத்தவனுக்கு 1, அடுத்தவனுக்கு 2, கடைக்குட்டிக்குக் கடைசி இலக்கம். சட்டை இல்லையென்றால் மட்டையில் எழுதி முதுகில் குத்திவிடுங்கள். இதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டாம்.

2. இரண்டு தரம் பாருங்கள்.
ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம். முதல் நாள் எழுதிவைத்து, ஆறு வாரம் எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுத்து, மீண்டும் பாருங்கள். யார் முன்னுக்கு நிற்கிறான் என்பதோடு, யார் கூடத் தூரம் நகர்ந்தான் என்பதையும் எழுதுங்கள்.

3. எதைப் பார்ப்பது?
உயரமும் பலமும் காலத்தோடு வரும். பந்து தன்னிடம் இல்லாதபோது பிள்ளை எங்கே ஓடுகிறது, பந்தைப் பறிகொடுத்த பிறகு என்ன செய்கிறது, சொன்னதை மறுநாள் செய்துபார்க்கிறதா, தோற்ற பின் பயிற்சிக்கு வருகிறதா, இவற்றைப் பாருங்கள். ஹொக்கித் தெரிவாளர்கள் கடைசியில் வந்து சேர்ந்ததும் இந்தக் கேள்விகளுக்குத்தான்.

4. விடப்பட்டவர் பட்டியல்.
தெரிவானவர் பெயரை ஒட்டுவதுபோல, தெரிவாகாதவர் பெயரையும் ஒரு கொப்பியில் வையுங்கள். அவர்களுக்கும் கிழமையில் ஒரு நாளாவது பயிற்சி. ஆறு மாதத்தில் மறுபடி தெரிவு. ஒவெச்கினுக்குக் காத்திருந்த வருடத்திலும் பயிற்சி இருந்தது என்று மேலே சொன்னேன். நம் பிள்ளைக்கும் அதுதான் வேண்டும்.

5. பெண்பிள்ளைகள்.
இமயமலையில் லடாக் என்ற இடம். குளம் உறைந்தால்தான் அங்கே ஹொக்கி. இராணுவச் சப்பாத்தில் தகடு பூட்டி விளையாடத் தொடங்கிய ஊர் அது. அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளை வைத்து 2016இல் இந்தியா முதல் தடவையாகப் பெண்கள் அணியைச் சர்வதேசப் போட்டிக்கு அனுப்பியது. பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் காசு சேர்த்தார்கள். மறு வருடம் பிலிப்பைன்ஸை 4க்கு 3 என்று வென்று முதல் வெற்றியைக் கண்டார்கள். நம் நாட்டில் தர்ஜினி சிவலிங்கத்தோடு இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியன் ஆனது. நம் சமூகத்துப் பெற்றோருக்கும் ஒன்று: தலையை மறைத்து விளையாட உதைபந்தாட்டத்தில் 2014இலும் கூடைப்பந்தாட்டத்தில் 2017இலும் சர்வதேச அனுமதி வந்துவிட்டது. உடுப்பு இனி ஒரு காரணம் அல்ல.

6. வயதில் பொய் வேண்டாம்.
இதையெல்லாம் வாசித்துவிட்டு, பிறந்த திகதியை மாற்றி எழுதினால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றக்கூடும். அது இன்னொரு பிள்ளையின் இடத்தைக் களவெடுப்பது. மார்கழிப் பிள்ளைக்கு நியாயம் கேட்கிற நாம், அதே பிள்ளையின் வயிற்றில் அடிக்கக் கூடாது.

■ கடைசியாக

வரலாறு படிப்பிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பொஸ்டனிலிருந்து வந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. கனடாவின் சிறுவர் பயிற்றுநர்கள் கெட்டவர்கள் அல்ல. நம் பாடசாலைகளில் வெயிலில் நின்று விசில் ஊதுகிற ஆசிரியர்களும் கெட்டவர்கள் அல்ல. பலர் சொந்தக் காசில் பந்து வாங்கிக் கொடுக்கிறவர்கள். பிழை ஆளில் இல்லை, கோட்டில் இருக்கிறது. ஜனவரி 1 என்பதை மனிதன் கீறினான். இறைவன் பிள்ளையைப் படைக்கும்போது அந்தக் கோட்டைப் பார்த்துப் படைப்பதில்லை.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை இந்த முறை தெரிவாகவில்லை என்றால், முதலில் பிறந்த மாதத்தைப் பாருங்கள். பிறகு எத்தனை வருடம் பயிற்சி கிடைத்தது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் நொந்தால், பிள்ளையை அடுத்த நாளும் மைதானத்துக்கு அனுப்புங்கள். கழகத்துத் தம்பிமாரே, பின்னேரத்தில் உங்களோடு விளையாட வருகிற சின்னவனை "ஓரமாய் நில்" என்று சொல்லாதீர்கள். சக ஆசிரியர்களே, அடுத்த தெரிவுக்கு வயதுப்படி இலக்கம் போட்டுப் பார்ப்போம். ஒரு தரம் செய்துபார்த்து, பட்டியலில் யார் புதிதாக வருகிறார்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, பந்தும் சப்பாத்தும் அனுப்ப நினைத்தால் நல்லது. கூடவே, தெரிவான பிள்ளைக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பாதீர்கள். விடப்பட்ட பிள்ளைகளின் அந்தக் கொப்பிக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இறைவன் நல்ல உடலையும், அவர்களைப் பொறுமையாகப் பார்க்கிற கண்களையும் தருவானாக. ஆமீன்.

பயன் உண்டென்று நினைத்தால் பகிருங்கள்.